நாளறியும் கோல்

மணமாகி ஓராண்டு கழிந்ததும் ஒரு பெண்ணை நோக்கி ஊர் கேட்கும் வினா ஒன்றுண்டு. அதற்கு விடை தாமதிக்குமாயின் ‘மலடி’ என்ற சொல் மெல்லத் தலைகாட்டும். ‘மலடன்’ என்ற சொல்லும் தமிழில் இருக்கின்றது. எனினும் அதனை ஊர்வாயிற் கேட்டல் அரிது. பிள்ளைப்பேற்றில் இருவர்க்கும் பங்கிருக்க, பழி மட்டும் ஒருத்திக்கே உரியதானது எங்ஙனம்? கருத்தரித்தல் பற்றிய அறியாமையே இதற்கு முதற்காரணம் எனலாம்.

பெண்ணுடலில் முட்டை எந்நாளில் வெளிப்படுகின்றது என்பதை மருத்துவ உலகமே நூறாண்டுகளுக்கு முன்வரை தெளிவாக அறிந்திருக்கவில்லை. யப்பானின் நிகாட்டா நகரிற் பணியாற்றிய கியூசாக்கு ஒகினோ என்னும் மருத்துவர், வயிற்றிற் சத்திரசிகிச்சை பெற்ற பெண்களின் சூலகங்களை உற்றுநோக்கி, அவற்றின் நிலையை அவர்தம் மாதவிடாய் நாட்களோடு ஒப்பிட்டார். 1924ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு இதுவே: சென்ற மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணுவதிலும், அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே பொருத்தமாகும், அவ்வாறு எண்ணின் 12 முதல் 16 நாட்களுக்கு முன்னர் முட்டை வெளிப்படும். ஒஸ்திரிய மருத்துவரான ஹேர்மன் கினவுஸும் தனித்து ஆராய்ந்து இதனையொத்த முடிவையே எய்தினார். உலகம் இக்கணக்கைப் பெரும்பாலும் கருவைத் தவிர்க்கும் வழியாகவே கைக்கொண்டது. ஒகினோவோ பிள்ளை வேண்டுவோர்க்கு அது பயன்படுவதையே விரும்பினார்.

ஆயினும் அக்கணக்கில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அடுத்த மாதவிடாய் எந்நாளென்பது அது வந்த பின்னரன்றோ உறுதியாகத் தெரியும்! மாதவிடாய் ஒழுங்குற வராதவளுக்கு நாட்காட்டி என்ன உதவி செய்யும்?

இவ்விடர்ப்பாட்டைக் குறைக்க வந்ததே வீட்டிற் செய்யத்தக்க சிறுநீர்ச் சோதனை. முட்டை வெளிப்படுமுன் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, லூட்டினாக்கும் ஓமோனைத் திடீரெனப் பெருக்குகின்றது. அவ்வெழுச்சி தொடங்கி ஏறத்தாழ 24 முதல் 36 மணித்தியாலங்களில் முட்டை வெளிப்படும். சிறுநீரிற் கலந்துவரும் அந்த ஓமோனையே சோதனைக் கோல் காட்டுகின்றது. 28 நாட்களுக்கொருமுறை மாதவிடாய் வருபவள், அது தொடங்கிய நாளை முதல்நாளாகக் கொண்டு, 11ஆம் நாளளவிலிருந்து நாள்தோறும் சோதிக்கலாம். சோதனைக்கு முன் மிகுதியாக நீர் அருந்துதல் கூடாது. சிறுநீர் நீர்த்துப்போனால் எழுச்சி புலப்படாது போகலாம். கர்ப்பச் சோதனையில் மங்கிய கோட்டுக்கும் பொருளுண்டு. இங்கோ, சோதனைக் கோடு ஒப்புக் கோட்டுக்கு நிகராகவோ அதனினும் அழுத்தமாகவோ தோன்றினாலன்றி எழுச்சியெனக் கொள்ளலாகாது.

வெளிப்பட்ட முட்டை ஒரு நாளளவே உயிர்த்திருக்கும். விந்தணுவோ பெண்ணுடலில் ஐந்து நாள்வரை வாழவல்லது. அமெரிக்க ஆய்வாளர் வில்கொக்ஸும் அவர்தம் துணைவரும் 221 பெண்களிடத்து நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், முட்டை வெளிப்படும் நாளோடு முடியும் ஆறு நாட்களுக்குள் மட்டுமே கருத்தரிப்பு நிகழ்ந்தமை காணப்பட்டது. ஆதலின் கோல் எழுச்சியைக் காட்டும் நாளும் அதற்கு அடுத்த நாளும் சிறந்தவையெனினும், அதற்கு முந்திய நாட்களையும் தம்பதிகள் வீணே கழித்தல் வேண்டா.

கோலின் எல்லையையும் நாம் உணர்தல் வேண்டும். அது ஓமோனின் எழுச்சியைச் சொல்லுமேயன்றி, முட்டை வெளிப்பட்டதை உறுதிசெய்யாது. சூலகத்திற் பல நீர்க்கட்டிகள் தோன்றும் நிலையுள்ள சிலரிடத்து அந்த ஓமோன் எப்போதும் மிகுந்திருப்பதால், அது பொய்க்குறியும் காட்டலாம். கருக்குழாய் திறந்துள்ளதா என்பதையும் அது அறியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கணவனின் விந்தணு குறித்து அது ஒரு சொல்லும் சொல்லாது.

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். மாதந்தோறும் மனைவி மட்டுமே கோலைப் பிடித்துக் காத்திருக்க, கணவன் தன்னைச் சோதித்துக்கொள்ள மறுப்பானாயின், பழைய பழியே புதுக்கருவி பூண்டு வந்ததாகும். ஓராண்டு முயன்றும், மனைவிக்கு 35 வயது நிறைந்திருப்பின் ஆறு மாதம் முயன்றும், கருத்தரியாவிடின் இருவரும் ஒருங்கே மருத்துவரை நாடுதல் வேண்டும். மாதவிடாய் ஒழுங்கற்றவள் அத்துணைக் காலம் காத்திருக்கவும் வேண்டா. கணவனுக்குரிய விந்துச் சோதனை எளியது, வலியற்றது, அதற்குத் தடையாய் நிற்பது வெட்கம் ஒன்றே.

கோல் நாளைக் காட்டும், குற்றவாளியைக் காட்டாது. இதனை உணரும் வீட்டில் ‘மலடி’ என்ற சொல்லுக்கு இடமேது?