குட்டி ஜெட்டுக்குத் தனி பேட்டரி

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் பலர். அவர்களில் சிலருக்கு மாதிரி விமானம் செய்து பறக்கவிடும் ஆசை உண்டு. தெர்மோகோலில் தொடங்கும் அந்த ஆசை, ஒருநாள் மண்ணெண்ணெயில் ஓடும் குட்டி ஜெட் எஞ்சினில் வந்து நிற்கலாம். அப்போது பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவு வேகம் போகும்?" என்பதன்று, "இதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?" என்பதே.

இங்கிலாந்தில் 1983-இல் ஜெர்ரி ஜாக்மன் குழுவினர் ஜெட் எஞ்சின் பொருத்திய மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டனர். பின்னர் ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங், வீட்டுப் பட்டறையிலேயே செய்யத்தக்க எஞ்சினை வடிவமைத்தார். இன்று கடையில் கிடைப்பவற்றுள் ஒரு கிலோவுக்குச் சற்றே கூடிய எடையில் பத்து கிலோ தள்ளுவிசை தருபவையும் உள்ளன. அவற்றின் சுழலி நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுகள் வரை சுற்றும்.

இதை ஆள்வது ஒரு சிறு மின்னணுப் பெட்டி. சுற்று வேகத்தையும் புகைவாயின் வெப்பத்தையும் அளந்து, எரிபொருள் பம்பை அது இயக்குகிறது. பெரிய பயணிகள் விமானத்தில் இத்தகைய பெட்டிக்கென எஞ்சினே சுழற்றும் தனி மின்னாக்கி இருக்கும். குட்டி எஞ்சினில் அதற்கு இடமில்லை; பேட்டரிதான் துணை.

கங்காதர நெல்லூர் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், தண்ணீரும் நிற்கும். இங்கும் பேட்டரி தீர்ந்தால் பம்பு நிற்கும், எஞ்சின் அணையும். அதனால் விமானம் விழுந்துவிடாது. உயரம் போதுமானால் மிதந்து இறக்கிவிடலாம். ஆனால், ரேடியோ ரிசீவரும் இறக்கையின் மடல்களும் அதே பேட்டரியை நம்பியிருந்தால், விமானம் யார் சொல்லுக்கும் கட்டுப்படாது. எங்கே, யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே எஞ்சினுக்கு ஒன்று, ரிசீவருக்கு ஒன்று எனப் பேட்டரிகள் தனித்தனியே இருக்கட்டும்.

பேட்டரியின் வகையும் முக்கியம். லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு 3.6 வோல்ட்தான். சார்ஜரில் வகையை மாற்றி வைத்தால் அளவுக்கு மீறி ஏறி, செல் கெட்டு, தீப்பிடிக்கவும் கூடும். எஞ்சின் கையேடு சொல்லும் வகையையே வாங்குங்கள். விமானத்திலிருந்து கழற்றி, சிமெண்டுத் தரையில், பெரியவர் ஒருவர் அருகிலிருக்கச் சார்ஜ் செய்யுங்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள்.

பறந்து இறங்கியதும் பேட்டரியைப் பிடுங்கிவிடும் அவசரமும் ஆகாது. எஞ்சின் அணைந்தபின் ஸ்டார்ட்டர் மோட்டார் அதைச் சுழற்றிக் காற்றிழுத்துக் குளிர்விக்கும். அதற்குள் இணைப்பை எடுத்தால், தேங்கிய வெப்பம் பேரிங்குகளைப் பழுதாக்கும். எனவே, குளிர்விக்கவும் போதிய மின்சாரம் மீதமிருக்க வேண்டும்.

பறக்குமுன் இன்னொரு சோதனை. விமானத்தைத் தரையில் உறுதியாகக் கட்டி, எஞ்சினை ஓடவிட்டு, கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியை அணையுங்கள். எஞ்சின் தானே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்று பறத்தல் வேண்டாம். கரியமில வாயுத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்; தூள் வகை எஞ்சினைக் கெடுத்துவிடும். புல்லில் பற்றும் தீக்குத் தண்ணீரும் ஈரச்சாக்கும் வேண்டும்.

இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் கணக்கில் கொள்கின்றன. 25 கிலோவுக்கு மிகாமல், கண்பார்வைக்குள் பறக்க வேண்டும். ரேணிகுண்டா விமான நிலையம் அருகிலிருப்பதால், அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை முதலில் பாருங்கள். திருமலைப் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

கோடையில் இங்குள்ள மாந்தோப்புகளின் அடியில் சருகு காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும், ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் சாம்பலாகிவிடும். பிள்ளைகளின் ஆர்வத்தைத் தடுக்காதீர்கள். இரண்டாவது பேட்டரிக்கான பணத்தையும் சேர்த்தே கொடுங்கள்.