கண்மணியில் வெண்மை

மழலையரைக் கண்மணியென அழைத்தல் நம்மவர் வழக்கு. அக்கண்மணியிலேயே தோன்றும் கொடுநோயொன்றை ஈண்டு விளக்க விழைகின்றோம்.

விழித்திரைப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளையே பற்றுவது. 1986ஆம் ஆண்டிலே கண்டறியப்பெற்ற ஆர்.பி.1 என்னும் மரபணுவின் பழுதே பெரும்பாலும் இதற்குக் காரணம்; கண்ணூறு அன்று. தொடக்கத்தில் நோவு இல்லையாதலின் குழந்தை அழுது உணர்த்தாது. கருமணி பூனைக்கண்போல வெண்மையாய் ஒளிர்தலும், வாக்குக்கண்ணும் இதன் அடையாளங்கள். மின்னொளியிட்டு எடுத்த நிழற்படத்தில் ஒரு கண் சிவந்தும் மற்றையது வெளுத்தும் தோன்றினும் ஐயுறுதல் வேண்டும்.

வெண்மையெல்லாம் புற்றுநோயன்று, கண்புரையுமாகலாம். அதனைத் தெளிபவர் மருத்துவரே. "வளர மாறும்" என்று வாளாவிருத்தல் தகாது. நோய் கண்ணினுள் அடங்கியிருக்கையிற் காணின் உயிரைக் காக்கலாம். பலவேளை பார்வையையும் காக்கலாம். கண்ணரம்பு வழியே மூளையை எய்திய பின்னரோ காத்தல் அரிது. ஒரு கண்ணை அகற்ற நேரினும் பெற்றோர் தயங்கற்க, எஞ்சுவது உயிரன்றோ! இந்நோயுற்றார் குடியிற் பிறக்கும் குழந்தைகளைப் பிறந்தவுடனேயே காட்டுதல் நன்று.

பருத்தித்துறை வீதியிற் பேருந்தேறினால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை தொலைவிலில்லை. பழைய மாணவர்காள்! உங்கள் மடியில் தவழும் பேரப்பிள்ளைகளின் கண்களை இன்றே உற்று நோக்குமின்.