ஒரு மிட்டாய்ப் பை இங்கிலாந்தையே கலங்கடித்தது, தெரியுமா?

2015 ஜூன் மாதம். கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த பதினாறு வயதுப் பிள்ளைகள் ட்விட்டரில் கொந்தளித்துவிட்டார்கள். காரணம் ஒரு மிட்டாய்ப் பை! பையில் மொத்தம் எத்தனை என்று கேள்வியில் சொல்லவில்லை. அவற்றில் 6 மட்டும் ஆரஞ்சு நிறம். ஹன்னா என்ற பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துத் தின்கிறாள், பிறகு இன்னொன்று. இரண்டும் ஆரஞ்சாக அமைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. இதிலிருந்து, மொத்த எண்ணிக்கையைப் பற்றிய ஓர் இருபடிச் சமன்பாட்டை நிறுவிக் காட்ட வேண்டும். மிட்டாய்க்கும் இருபடிச் சமன்பாட்டுக்கும் என்ன உறவு என்று நாடே கேட்டது!

உறவு இருக்கிறது, அதுவும் எத்தனை அழகான உறவு! முதல் மிட்டாய்க்கு மொத்தத்தில் 6 வாய்ப்பு. ஒன்று வயிற்றுக்குள் போய்விட்டதால், அடுத்ததற்கு ஒன்று குறைந்த மொத்தத்தில் 5. இரண்டையும் பெருக்கினால் மேலே 30. அது மூன்றில் ஒரு பங்கு என்றால் கீழே 90 இருந்தாக வேண்டும். அடுத்தடுத்த எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 90? பத்தும் ஒன்பதும். பையில் இருந்தவை 10!

அந்தப் பரீட்சைக்குப் பெயர் ஜிசிஎஸ்இ. 1951-ல் வந்த ஓ லெவலின் இடத்தை 1988-ல் பிடித்துக்கொண்டது. ஓ லெவல், ஏ லெவல் என்ற அந்தப் பழைய ஜோடி, சாதாரண தரம், உயர்தரம் என்று இலங்கைத் தமிழர் வீடுகளில் இன்றும் அன்றாடப் பேச்சு. இங்கிலாந்திலோ 2017 முதல் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் எழுத்துகள் போய் எண்கள் வந்துவிட்டன. முதல் ரேங்க் என்றால் 1 தானே என்று நினைப்போம். அங்கே 9 தான் உச்சி, 1 அடிமட்டம்! இன்னொரு வியப்பு: வேல்ஸ் எழுத்துகளிலேயே நின்றுவிட்டது, ஸ்காட்லாந்துக்கு முற்றிலும் தனி வழி. பிரிட்டன் என்ற ஒரே நாட்டுக்குள் இத்தனை அளவுகோல்கள்!

அமெரிக்காவில் 'ஒன்பது' என்றால் மார்க் அல்ல, வகுப்பு. அங்கேதான் உயர்நிலைப் பள்ளி தொடங்குகிறது. அடுத்த நான்கு ஆண்டுகளில் எழுதும் சின்னச் சின்னத் தேர்வுகளும் வீட்டுப்பாடங்களும் பாட மதிப்பெண்ணாகி ஜிபிஏ என்ற ஒற்றை எண்ணில் வந்து சேர்கின்றன. ஏ என்றால் 4 புள்ளி, பி என்றால் 3. எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் 4.0. அதற்கு மேல் போக முடியாது என்கிறீர்களா? போகலாம்! ஏபி எனப்படும் கல்லூரித் தரக் கடினப் பாடம் எடுத்தவருக்குப் பல பள்ளிகள் ஏ கிரேடுக்கு 5 புள்ளி தருகின்றன. பள்ளிப் படிப்பை முடிக்க நாடு முழுவதற்குமான ஒரே பொதுத்தேர்வு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. எஸ்ஏடி இருக்கிறதே என்பீர்கள். அது 1926-ல் பிறந்த கல்லூரி நுழைவுத் தேர்வு. அந்த மூன்று எழுத்துகள் இன்று எதன் சுருக்கமும் அல்ல, வெறும் பெயர் மட்டுமே! இப்போது அது கணினியில் நடக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் முதல் பாதியை எப்படி எழுதுகிறீர்கள் என்று பார்த்துத்தான் இரண்டாம் பாதியின் கடினத்தைத் தீர்மானிக்கிறது.

இங்கிலாந்துப் பிள்ளைக்கோ எல்லாம் கடைசிச் சில வாரங்களில். பதினெட்டு வயதில் பெரும்பாலும் மூன்றே ஏ லெவல் பாடங்கள், ஆனால் பாதாளம் வரை ஆழம். அந்தக் கடைசிப் பரீட்சையே இல்லாமல் போனால்? 2020-ல் கொரோனா அதைத்தான் செய்தது. மதிப்பெண்ணைக் கணிதச் சூத்திரம் ஒன்று தீர்மானித்தது. ஆசிரியர்கள் கணித்த கிரேடுகளில் கிட்டத்தட்ட 40 சதவீதம் கீழே இறங்கின. பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 13-ல் வெளியான முடிவுகளை அரசு 17-ஆம் தேதியே கைவிட்டு, ஆசிரியர் தந்த கிரேடுக்குத் திரும்பியது. அந்த நான்கு நாட்களில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

சரி, ஏபி பெரிதா, ஏ லெவல் பெரிதா? பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸ் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறது. ஏ லெவலின் உச்சமான ஏ ஸ்டாருக்கு 56 புள்ளி. ஏபி பாடங்களை அது இரண்டு தொகுதிகளாகப் பிரிக்கிறது; முதல் தொகுதிப் பாடம் ஒன்றில் உச்சமான 5 வாங்கினால் 28. சரிபாதி! ஆனால் ஏ லெவல் இரண்டு ஆண்டுப் படிப்பு, ஏபி ஓராண்டு. எனக்கு இது நியாயமான கணக்காகவே படுகிறது.

பரீட்சைக்குப் படிப்பதற்கே இரு நாட்டிலும் ஒரே சொல் இல்லை! 'ரிவைஸ் பண்ணுகிறேன்' என்று லண்டன் பெண் சொன்னால், எழுதிய கட்டுரையைத் திருத்துகிறாள் போல என்று பாஸ்டன் பையன் நினைப்பான். நம் பள்ளிகளின் 'திருப்புதல் தேர்வு' லண்டன் பக்கம்.

எப்படித் திருப்பினால் மனதில் நிற்கும்? இதுதான் என்னை உறங்கவிடாத வியப்பு! 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் சிறு பாடப்பகுதிகளைக் கொடுத்தார்கள். அதை இரண்டு முறை படிப்பது ஒரு வழி. ஒருமுறை படித்து, மூடிவைத்து, நினைவில் இருப்பதை எழுதிப் பார்ப்பது இன்னொரு வழி. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் போனது. திரும்பப் படித்தவர்களிடம் மிஞ்சியது 42, எழுதிப் பார்த்தவர்களிடம் 56! திரும்பப் படிக்கும்போது 'எல்லாம் தெரியும்' என்று தோன்றுகிறதே, அந்த உணர்வே நம்மை ஏமாற்றிவிடுகிறது. மஞ்சள் ஹைலைட்டருக்கும் இதே கதிதான். 2013-ல் பத்துப் படிப்பு முறைகளை அலசிய ஆய்வாளர் குழு அதைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தது. தன்னைத் தானே சோதிப்பதும், நாட்களைப் பிரித்துப் படிப்பதும் முதல் வரிசை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகச் செய்து பார்க்கிறார்களே, அதுவும் இந்த முதல் வரிசை வழிதான்!

இப்போது மேலே பார்க்காமல் சொல்லுங்கள்: ஹன்னாவின் பையில் ஆரஞ்சு எத்தனை, மொத்தம் எத்தனை?