முதல் பனியை நம்பாதீர்கள்

துறையூரிலிருந்து பச்சைமலை ஏறுபவர்களுக்கு மலையின் ஆபத்து என்றால் மழைதான். ஓடையில் வெள்ளம் வரும், மண் சரிந்து பாதையை மறிக்கும், ஆனால் வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும். இமயமலைப் பனி அப்படி வடிவதில்லை. அடுக்கின்மேல் அடுக்காகத் தங்கிவிடும். மலையேற்றம் பழக வடக்கே போகும் நம் பிள்ளைகள் இந்த அடுக்குகளைப் பற்றி அறிந்திருக்க வேண்டும்.

2022 அக்டோபர் 4. உத்தரகாசி மாவட்டத்தின் திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில், நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் கிடைக்கவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்ட், மகாலு இரண்டையும் ஏறிய பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் இறந்தார். குளிர்காலம் அப்போது தொடங்கக்கூட இல்லை.

பருவத் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருக்கும். அதனால் ஆபத்தும் குறைவு என்று தோன்றும். உண்மை வேறு. பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்க, மேலே இரவுக் காற்று கடுமையாகக் குளிர்கிறது. பனி எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு குறுகிய தொலைவில் இந்த வெப்ப வேறுபாடு நிகழ்கிறது. அடியிலிருந்து நீராவி மேலேறி, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய மணிகளாக மாற்றிவிடுகிறது. அடுத்த பனிப்பொழிவும் காற்றும் அதன்மேல் கெட்டியான பாளத்தை அமைக்கின்றன. சாய்ந்த தரையில் கேழ்வரகைப் பரப்பி அதன்மேல் பலகையை வைத்தது போன்ற நிலை இது. ஒரு மனிதரின் எடை பட்டாலே பாளம் முறிந்து சரியலாம். சிக்கியவர்களில் பெரும்பாலோர் தாங்களோ உடன் வந்தவர்களோ கிளப்பிய சரிவில்தான் சிக்குகிறார்கள்.

பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் நிகழ்கின்றன. கைபேசியிலேயே சாய்வை அளக்கலாம். பனி கொட்டிய பிறகு ஓரிரு நாளாவது காத்திருக்க வேண்டும். காற்று பனியை வாரிக் குவிக்கும் மறுபக்கச் சரிவைத் தவிர்க்க வேண்டும். காலடியில் 'தொம்' என்று பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ, விரிசல் ஓடினாலோ திரும்பிவிட வேண்டும். கடந்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அரை மணி கடந்தால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. வெளியிலிருந்து மீட்புக் குழு வந்து சேர அந்த நேரம் போதாது. உடன் வந்தவர்களே மீட்புக் குழு. ஆகவே ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞைக் கருவி, பனியைக் குத்தித் தேடும் நீள் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பெரிய பயனில்லை.

இமயமலைப் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுவது பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் சண்டிகர் நிலையம். பயணத்துக்குப் பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அந்த எச்சரிக்கையை அன்றாடம் பார்க்கிறீர்களா? மூன்று கருவிகளும் எல்லாருக்கும் உண்டா? நிலைமை சரியில்லை என்றால் பாதியில் திரும்புவீர்களா? தெளிவான பதில் இல்லாத இடத்தில் உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள்.