வெயில் நாட்டில் மூங்கில் நாற்று

நாராயணவனம் அடங்கிய திருப்பதி மாவட்டத்தின் வறண்ட குன்றுக் காடுகளில் வளர்வது கல்மூங்கில். ஏறத்தாழ 25 முதல் 45 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது திரளாகப் பூத்து, நெல்மணியையொத்த விதையை உதிர்த்து மடிந்துவிடும். விதையோ, வெப்பத்தில் கிடந்தால் சில மாதங்களிலேயே முளைப்புத் திறனை இழக்கும். ஆகவே உதிர்ந்த அவ்வாண்டே நாற்றுவிடுதல் வேண்டும்.

இளநாற்றை வெயில் வாட்டுவது வேரடி காயும்போதுதான். மேலே கீற்றுப் பந்தலும், அடியில் சருகு மூடாக்கும், காலையும் மாலையும் பூவாளி நீரும் அளித்திடுக. மழை மண்ணை நனைத்தபின் நட்டு, ஆடுமாடு அண்டாமல் வேலியிடுக.

முதற் சில ஆண்டுகளில் மெல்லிய தண்டுகளே தோன்றும், மனந்தளர வேண்டா. மண்ணுக்கடியில் கிழங்கு பெருகிக்கொண்டிருக்கும். விடுமுறையில் ஊர் சென்று நாற்று நடும் நேயர்கள், கோடையில் நீர் ஊற்ற ஒருவரை அமர்த்திவிட்டே திரும்புக. நாற்று பட்டுப்போயின், மறு விதைக்கு ஒரு தலைமுறை காத்திருக்க நேரலாம்.