உலகம் காத்திருக்கட்டும், முதலில் கோழி வளர்ப்போம்!

உலகம் அழிய இன்னும் ஏழே நாள். வானத்தில் ஒரு பெரிய விண்கல் நெருப்புப் பந்துபோலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஊரெல்லாம் அண்ணாந்து பார்த்து நடுங்குகிறது. இதைத் தடுக்கக்கூடிய ஒரே வீரன் என்ன செய்துகொண்டிருக்கிறான் தெரியுமா? பண்ணையில் கோழி வளர்த்துக்கொண்டிருக்கிறான்.

சாதாரணக் கோழி அல்ல. ஆள் ஏறிச் சவாரி செய்யும் அளவுக்கு வளர்ந்த மஞ்சள் பறவை. பெயர் சொகோபோ. நல்ல ஜோடியாகப் பார்த்துச் சேர்த்து, விலை உயர்ந்த கொட்டைகளைத் தின்னக் கொடுத்து, பந்தயத்தில் ஓடவிட்டுத் தரம் உயர்த்தி, பச்சை, நீலம், கறுப்பு என்று நிறம் நிறமாகக் குஞ்சு பொரிக்க வைத்தால், கடைசியில் தங்க நிறத்தில் ஒன்று பிறக்கும். அது மலையும் கடலும் தாண்டும். அதில் ஏறித் தனித்தீவுக்குப் போனால் 13 மாவீரர்கள் வரிசையாக வந்து எதிரியை வெட்டும் மந்திரக்கல் கிடைக்கும். இதற்கெல்லாம் பல மணி நேரம் பிடிக்கும். விண்கல்லோ அதுவரை அசையாமல் பொறுமையாகக் காத்திருக்கும். நம் வீட்டு விருந்தாளிகளுக்குக்கூட அவ்வளவு பொறுமை கிடையாது.

‘ஃபைனல் ஃபேன்டசி 7’ என்ற ஜப்பானிய காணொளி விளையாட்டில்தான் இந்தக் கூத்து. ஸ்குவேர் நிறுவனம் 1997 ஜனவரியில் பிளேஸ்டேஷன் சாதனத்துக்காக மூன்று குறுந்தட்டுகளில் வெளியிட்டது. உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. இப்போது கைப்பேசியிலேயே விளையாடலாம். ஜப்பானிய கதைமாந்தர் விளையாட்டுகளைத் தொட்டே பார்க்காதவர்கள், அந்த உலகத்தின் விநோத வழக்கங்களைத் தெரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த வாசல் இல்லை.

வீரனுக்குச் சம்பளம் எவ்வளவு?

நம் புராண நாயகர்கள் தர்மத்துக்காகப் போருக்குப் போவார்கள். இந்தக் கதையின் நாயகன் கிளவுட் சம்பளத்துக்குப் போகிறான். முள்ளம்பன்றிபோல் குத்திட்டு நிற்கும் பொன்னிற முடி, ஏறக்குறைய அவன் உயரத்துக்கே ஒரு வாள். பூமியின் உயிர்ச்சக்தியை உறிஞ்சி மின்சாரம் தயாரிக்கும் ஷின்ரா நிறுவனத்தின் உலையைத் தகர்க்க ஒரு புரட்சிக் குழு அவனை அழைக்கிறது. குழுத் தலைவர் பாரெட் பூமித்தாயின் கண்ணீரைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறார். அவருடைய ஒரு கை துப்பாக்கி. அதை ஆட்டி ஆட்டிப் பேசுவதால் எல்லாரும் கவனமாகக் கேட்கிறார்கள். கிளவுட் மட்டும் காது கொடுப்பதில்லை. வேலை முடிந்ததும் 1,500 கில் எங்கே என்பதே அவன் கவலை. கில் என்பது அந்த ஊர்க் காசு.

அந்தக் காசின் மதிப்பு என்ன? தெருவில் ஏரித் என்ற பெண் கூடையில் பூ விற்கிறாள். ஒரு பூ ஒரு கில். காயத்தை ஆற்றும் மருந்துக் குப்பி 50 கில். சுருண்டு விழுந்தவரை மறுபடி எழுப்பி நிறுத்தும் பீனிக்ஸ் இறகு 300 கில். அந்த இறகை மட்டும் மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

சம்பளம் போதாவிட்டாலும் கவலையில்லை. இவ்வகை விளையாட்டுகளில் 1986இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ காலத்திலிருந்தே ஒரு மரபு உண்டு. வீரன் யார் வீட்டுக்குள்ளும் நேராக நுழையலாம். பெட்டியைத் திறக்கலாம், இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். போலிஸ் வராது.

‘ஃபைனல் ஃபேன்டசி 7’ இந்த மரபை ஓர் இடத்தில் மெல்லக் கிள்ளிப் பார்க்கிறது. சேரிப் பகுதி ஒன்றில் ஒரு சிறுவனின் அறை. அங்கே ஒரு இரகசிய இழுப்பறை. உள்ளே அவன் சேர்த்து வைத்த காசு, மொத்தம் 5 கில். எடுக்கலாமா, வேண்டாமா என்று விளையாட்டு கேட்கிறது. பெரிய பெரிய அரக்கர்களை அடித்து ஆயிரக்கணக்கில் சம்பாதிப்பவனுக்கு 5 கில் ஒரு காசா? ஆனாலும் ஊரார் பெட்டியெல்லாம் திறந்த கை தானாக அங்கேயும் நீளும். கேள்வி வந்த பிறகுதான், இத்தனை நேரம் நாம் செய்துகொண்டிருந்த தொழிலுக்கு என்ன பெயர் என்று உறைக்கிறது.

வீட்டை அடித்துப் பார்!

நான்கு அடி நடந்தால் ஒரு சண்டை. காட்டு ஓநாயை அடித்தால் அதனிடமிருந்து பணம் கிடைக்கும். ஓநாய்க்கு ஏது சட்டைப் பை என்று யாரும் கேட்கக்கூடாது. சண்டையிலும் ஒழுங்குமுறை உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு நேரக்கோடு. அது நிரம்பினால்தான் கை ஓங்கலாம். உயிர் போகும் நேரத்திலும் முறை வைத்து அடித்துக்கொள்ளும் இந்தப் பண்பாட்டைச் சாப்பாட்டுக் கடை வரிசைகளில் எதிர்பார்க்க முடியாது.

எதிரிகளில் என்னைக் கவர்ந்தது ஒரு வீடு. ஆமாம், கூரையும் சுவரும் உள்ள வீடே கை கால் முளைத்துச் சண்டைக்கு வரும். ‘வீட்டைக் கட்டிப் பார்’ என்று பெரியவர்கள் சொன்னார்கள். அடித்துப் பார்க்கும்போதுதான் அதுவும் எவ்வளவு கடினம் என்று தெரிகிறது.

ஜப்பானிய மொழியிலிருந்து அவசரமாக ஆங்கிலத்துக்கு வந்த பிரதி என்பதால் மொழிபெயர்ப்பும் தன் பங்குக்குச் சிரிக்க வைக்கிறது. முதல் பெரிய எதிரி தேள் வடிவ இயந்திரம். அது வாலை உயர்த்தியிருக்கும்போது தாக்கினால் கதிர்வீச்சால் திருப்பி அடிக்கும். கிளவுட் நம்மை எச்சரிக்க வேண்டும். ஆனால், ஆங்கிலத்தில் அந்த எச்சரிக்கை, வால் உயர்ந்திருக்கும்போது தாக்கு என்று கட்டளையாகவே வந்துவிட்டது. அடுத்த வரியில்தான் அது திருப்பி அடிக்கும் என்ற செய்தி வருகிறது. சொல் பேச்சைக் கேட்ட நல்ல பிள்ளைகளெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

இன்னோர் இடத்தில் ஏரித் ஒரு நோயாளியைக் காட்டிப் பேசும்போது ஒருமைக்குப் பதில் பன்மை வினையைப் போட்டுவிடுகிறாள். ஆங்கில ரசிகர்கள் இதை 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். தமிழராக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டோம். ஒருவருக்குப் பன்மை போட்டால் அவர்களுக்குப் பிழை, நமக்கு மரியாதை.

சேலை கட்டாத குறைதான்

கிளவுட் அதிகம் பேசமாட்டான், சிரிக்கமாட்டான். எதைக் கேட்டாலும் தோளைக் குலுக்கி, எனக்கென்ன என்பான். அப்படிப்பட்டவனைப் படைப்பாளிகள் சும்மா விட்டார்களா?

அவனுடைய தோழி டீஃபா, டான் கார்னியோ என்ற காமுகனின் மாளிகைக்குள் துப்பறியப் போயிருக்கிறாள். உள்ளே பெண்களுக்கு மட்டுமே அனுமதி. வேறு வழியில்லை, கிளவுட் பெண் வேடம் போட வேண்டும் என்கிறாள் ஏரித், அடக்க முடியாத உற்சாகத்தோடு. அடுத்த ஒரு மணி நேரம் விளையாடுபவரின் வீரச் செயல்கள் என்ன? தையற்கடையில் உடைக்குத் துணி தேர்வு செய்வது, உடற்பயிற்சிக் கூடத்தில் பொய்முடிக்காகக் குந்தி எழும் போட்டியில் மோதுவது, வாசனைத் திரவியத்துக்கு அலைவது. நாம் சேகரித்த அலங்காரம் உயர்தரமாக இருந்தால், டீஃபாவையும் ஏரித்தையும் ஒதுக்கிவிட்டுக் கிளவுட்டையே அழகி என்று டான் தேர்ந்தெடுப்பார். என் அம்மா அந்த நேரம் பார்த்து அறைக்குள் வந்து, “உலகத்தக் காப்பாத்துற பிள்ளைனு சொன்னியே, இதுதானா?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

கப்பலில் ஒளிந்து கடல் தாண்டும்போது குழு முழுவதும் மாறுவேடத்தில் இருக்கும். முரட்டு பாரெட் வெள்ளைச் சீருடையில் நிற்பது ஒரு காட்சி என்றால், ரெட் 13 நிற்பது இன்னொரு காட்சி. ரெட் 13 ஒரு சிவப்பு நிற விலங்கு, நான்கு கால், நுனியில் தீ எரியும் வால். அதுவும் சீருடை போட்டு, பின்னங்கால்களில் தள்ளாடி நிற்கிறது. கப்பலில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பேச்சிலும் நடத்தையிலும் முதிர்ந்த இந்த ரெட் 13க்கு வயது 48. ஆனால், அதன் இனத்தில் 48 என்பது பதின்ம வயதுதான் என்று பிறகு தெரியவருகிறது. தாத்தாவைக் கண்டதும் பேச்சு மாறிச் செல்லப்பிள்ளை ஆகிவிடுகிறது. நம்மில் பல 48 வயதுக்காரர்களும் அப்படித்தான்.

59 மாடியா, மின்தூக்கியா?

ஏரித்தை ஷின்ரா நிறுவனம் கடத்திவிடுகிறது. மீட்க வேண்டும். தலைமையகத்துக்கு இரண்டு வழி. முன்வாசலில் நுழைந்து காவலர்களை அடித்துக்கொண்டு மின்தூக்கியில் போகலாம், அல்லது பின்புறப் படிக்கட்டில் 59ஆம் மாடிவரை சத்தமில்லாமல் ஏறலாம். படிக்கட்டைத் தேர்ந்தெடுத்தால் உண்மையிலேயே ஏற வேண்டும். மாடி மாடியாக அதே சுவர், அதே படி. பாரெட் மூச்சு வாங்கிக்கொண்டே இன்னும் எவ்வளவு தூரம் என்று புலம்புவார். வீவக புளோக்கில் மின்தூக்கி பழுதான நாளில் மளிகைப் பையோடு ஏறியவர்களுக்கு இந்தக் காட்சியின் யதார்த்தம் புரியும்.

யதார்த்தம் அந்த ஓரிடத்தோடு சரி. கடைசிச் சண்டையில் வில்லன் செஃபிரோத் ‘சூப்பர்நோவா’ என்றொரு தாக்குதலை ஏவுகிறான். எங்கிருந்தோ புறப்பட்ட ஒரு வால்மீன் புளூட்டோவை உடைத்து, சனியைத் துளைத்து, வியாழனைச் சிதைத்து, சூரியனுக்குள் பாய்கிறது. சூரியன் ஊதிப் பெருகிப் புதனையும் வெள்ளியையும் விழுங்கி நம்மை நோக்கி வருகிறது. காட்சி ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஓடும். எழுந்துபோய்த் தேநீர் கலக்கலாம். திரும்பி வந்தால் நம் ஆட்கள் அங்கேயே நிற்பார்கள். அந்தத் தாக்குதல் உயிர்ப்புள்ளிகளில் 16இல் 15 பங்கைப் பறிக்குமே தவிர, அதனால் ஒருவரும் சாக முடியாது. சற்று நேரத்தில் செஃபிரோத் அதே சூரிய மண்டலத்தை மறுபடியும் அழிப்பான். நாமும் ஒரு குப்பி மருந்து குடித்துவிட்டுத் தொடர்வோம்.

அந்த இறகு வேலை செய்யவில்லை

சூரியன் வெடித்தாலும் சாகாத உலகம் இது. விழுந்தவர் மேல் 300 கில் இறகைப் போட்டால் எழுந்துவிடுவார். இப்படிப் பல மணி நேரம் பழகிய பிறகு, முதல் குறுந்தட்டின் முடிவில், ஏரித் மண்டியிட்டுப் பிரார்த்தித்துக்கொண்டிருக்கிறாள். மேலிருந்து இறங்கும் செஃபிரோத்தின் நீண்ட வாள் அவளைக் குத்துகிறது.

நம் பையில் அந்த இறகுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பயன்படுத்தும் வாய்ப்பையே விளையாட்டு தருவதில்லை. உடனே ஒரு சண்டை தொடங்குகிறது. வழக்கமான போர் இசை இல்லை. ஏரித்துக்காக நொபுவோ உவெமட்சு அமைத்த மெட்டே சண்டை முழுவதும் ஒலிக்கிறது. பிறகு கிளவுட் அவளைக் கையில் ஏந்தி ஏரியில் இறக்கி விடுகிறான். அவ்வளவுதான். சற்று நேரத்தில் இரண்டாம் குறுந்தட்டைப் போடச் சொல்லித் திரை கேட்கிறது.

இயக்குநர் யோஷினோரி கிடாசேயும் வடிவமைப்பாளர் டெட்சுயா நோமுராவும் பேட்டிகளில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். கதையில் வரும் தியாக மரணம்போல் இல்லாமல், நிஜத்தில் நேர்வதுபோல் திடீரென்று, அர்த்தமில்லாமல் ஒருவர் இல்லாமல் போவதைக் காட்ட விரும்பினார்களாம். அது பலித்தது. ஏரித்தை உயிர்ப்பிக்க இரகசிய வழி இருக்கிறது என்று பள்ளிகளில் வதந்தி பரவியது. பிள்ளைகள் மாதக்கணக்கில் தேடினார்கள். வழி இல்லை. 2024இல் இதே பகுதியைப் புதிதாகச் சொல்லும் ‘ரீபர்த்’ வந்தபோது, குழந்தை குட்டியோடு இருந்த அதே தலைமுறை, இம்முறையாவது அவளை விட்டுவைப்பார்களா என்று கேட்டது.

துக்கத்தை ஆற விடுவார்களா? கிளவுட் அடுத்து ஒரு பனி ஊருக்குப் போகிறான். காயம்பட்ட ஒரு பையனிடமிருந்து சறுக்குப் பலகையை வாங்கி, துள்ளலான இசையோடு மலைச்சரிவில் சறுக்கிக்கொண்டு போகிறான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, கருமாதி வீடுகளில் மூன்றாம் நாளே யாராவது ஒரு சித்தப்பா எதையாவது சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பதும், சிரித்துக்கொண்டே அத்தைமார் கண்ணைத் துடைப்பதும் நினைவுக்கு வந்தன. பெண் வேடத்துக்கு அவளோடு சேர்ந்து சிரிக்காமல் இருந்திருந்தால் அவள் போனது இவ்வளவு வலித்திருக்காது.

கதையின் பிற்பகுதியில் ஒரு சாவியைத் தோண்டியெடுத்தால், பழைய சேரிக்குத் திரும்பிப் போகலாம். போகவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அந்தச் சிறுவனின் 5 கில்லைத் தொடாமல் விட்டிருந்தால், மந்திர சக்தி முழுவதையும் மீட்டுத்தரும் அரிய மருந்து ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கும். அதை வாங்கிக்கொண்டு அப்படியே பக்கத்தில் இருக்கும் பாழடைந்த தேவாலயத்துக்கும் போய்ப் பாருங்கள். ஏரித் பூ வளர்த்த இடம் அது. உள்ளே நுழைந்ததும் பூக்களின் நடுவே அவள் உருவம் ஒரு கணம் தெரியும். நெருங்குவதற்குள் மறைந்துவிடும்.

விண்கல் அப்போதும் வானத்தில் காத்திருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகலாம்.