ஒரு சொட்டு ஒழுகினாலும் உயிருக்கு அபாயம்!

வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. குழாய் ரிப்பேர்க்காரர் வருகிறார். குழாயைக் கழற்றுகிறார். மரையின் மேல் வெள்ளை டேப்பை நாலைந்து சுற்றுச் சுற்றுகிறார். மறுபடி மாட்டி இறுக்குகிறார். சொட்டு நின்றுவிடுகிறது!

மோட்டார் காரின் பிரேக் குழாய் ஒழுகினால், அதிலும் இதே டேப்பைச் சுற்றலாமா?

கூடாது. கூடவே கூடாது!

ஏன் கூடாது? இரண்டும் குழாய்தானே? இரண்டிலும் மரைதானே இருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் நிறைந்த வட்டாரம் ஒன்று சென்னைக்கு மேற்கே இருக்கிறது. பாடி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம்தான் அது.

பிரேக் செய்யும் ஊர்

அம்பத்தூரை அடுத்த பாடியில் 1962-ம் ஆண்டு 'பிரேக்ஸ் இந்தியா' கம்பெனி தொடங்கப்பட்டது. டி.வி.எஸ். குழுவினரும் இங்கிலாந்து லூகாஸ் கம்பெனியாரும் சேர்ந்து அதை ஏற்படுத்தினார்கள். 1960-களிலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தது. பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறிய பட்டறைகள் பெருகின. திருகு, நட்டு, வாஷர், குழாய் என்று மோட்டார் சாமான்கள் செய்யும் கைகள் இங்கே ஆயிரக்கணக்கில் உண்டு.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை வரும். அங்கே 1990-ம் ஆண்டு முதல் கார் பந்தயத் திடல் இருக்கிறது. அதற்கு முன்பு சோழவரத்தில், பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடந்தது. சாதாரண கார்களைப் பட்டறையில் பிரித்து, மாற்றிக் கட்டி, அங்கே ஓட்டினார்கள்.

இன்று பொறியியல் கல்லூரி மாணவர்களும் இந்த வேலையில் இறங்கிவிட்டார்கள். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி பந்தயத் திடலில் 'ஃபார்முலா பாரத்' போட்டி நடந்துவருகிறது. மாணவர்கள் தாங்களே கட்டிய காரைக் கொண்டுவர வேண்டும்.

இப்படிக் கட்டும் காரில் ஒரு சங்கடம் உண்டு. மாஸ்டர் சிலிண்டர் ஒரு காரிலிருந்து வரும். சக்கரத்துப் பிரேக் வேறொரு காரிலிருந்து வரும். இரண்டையும் இணைக்கும் குழாயையும் நட்டுகளையும் கட்டுகிறவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அங்கேதான் அபாயம் ஒளிந்திருக்கிறது!

காலடியில் ஒரு யானை பலம்

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

காலால் பெடலை மிதிக்கிறோம். பெடல் ஒரு நெம்புகோல். 20 கிலோ பலத்துடன் மிதித்தால், பெடல் அதை ஐந்து மடங்காக்கி, 100 கிலோவாக மாஸ்டர் சிலிண்டரில் தள்ளும். அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் மிகச் சிறியது. அதன் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பிரேக் எண்ணெயில் ஏறும் அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு 33 கிலோ!

கார் டயரில் உள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 2 கிலோதான். அதைப்போல 15 மடங்குக்கும் மேலான அழுத்தம், பென்சிலைவிட மெல்லிய குழாய்க்குள் ஓடுகிறது. குழந்தை குறுக்கே வந்ததும் பதறிப்போய் மிதித்தால், அழுத்தம் இன்னும் பல மடங்கு ஏறும்.

ஓரிடத்தில் அழுத்தினால் திரவத்தில் எல்லா இடத்திலும் அதே அழுத்தம் பரவும். பிரான்ஸ் நாட்டு அறிஞர் பாஸ்கல் 17-ம் நூற்றாண்டில் கண்டுபிடித்த உண்மை இது. 1921-ம் ஆண்டு அமெரிக்காவில் 'டியூசன்பெர்க்' கார் நான்கு சக்கரத்துக்கும் இந்தப் பிரேக்குடன் வந்தது. இன்று ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் இந்த முறைதான்.

எல்லா இடத்திலும் அழுத்தம் சமம் என்றால், ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? எண்ணெய் அந்த வழியே பீறிடும். பெடல் தரையைத் தொடும். அந்தக் குழாய்வழியில் உள்ள சக்கரங்கள் நிற்கமாட்டா!

குக்கர் மூடி சொல்லும் பாடம்

இப்போது டேப் விஷயத்துக்கு வருவோம்.

வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரை, நுனியில் சற்றுக் குறுகிச் சரிவாக இருக்கும். இறுக்க இறுக்க மரையே ஆப்பு போல அடைத்துக்கொள்ளும். மிச்சமுள்ள இடுக்கை டேப் நிரப்பும். அங்கே தண்ணீரைத் தடுப்பது மரைதான்.

பிரேக் குழாயின் நட்டில் மரை நேராக இருக்கும். அது எண்ணெயைத் தடுப்பதில்லை. அழுத்திப் பிடிக்கும் வேலை மட்டுமே அதனுடையது.

பிரஷர் குக்கரைப் பாருங்கள். ஆவியைத் தடுப்பது கைப்பிடியா? இல்லை. மூடியில் உள்ள காஸ்கெட்தான் தடுக்கிறது. கைப்பிடி மூடியைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பிரேக் குழாயிலும் அப்படியே. நட்டு என்பது கைப்பிடி. காஸ்கெட் வேலையைச் செய்வது, விரித்துவிட்ட குழாய் முனை!

இரும்புக் குழாயின் முனையைப் புனல் போல விரித்து, உள்பக்கமாக மடித்து, இரட்டைத் தடிமனாக்குவார்கள். சில கார்களில் முனை குமிழ் போல இருக்கும். நட்டு பின்னாலிருந்து தள்ளும்போது, முனை போய் அதற்குரிய இருக்கையில் கச்சிதமாக உட்காரும். இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க்கு வழியே கிடையாது.

மரையில் டேப் சுற்றினால் ஒழுக்கல் நிற்காது. அதன் துணுக்குகள் உள்ளே போனால், மாஸ்டர் சிலிண்டரின் ஊசித் துவாரத்தை அடைக்கும். பிறகு காலை எடுத்தாலும் பிரேக் விடாது. ஒன்றை அடைக்கப் போய் மற்றொன்றை அடைத்த கதைதான்!

ஏறக்குறைய பொருந்துவது ஆகாது

இதைவிடப் பெரிய அபாயம் அளவில் இருக்கிறது.

அம்பாசடர் கார் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழியில் வந்தது. அதில் அங்குலக் கணக்கு. 1983-ல் வந்த மாருதி, ஜப்பானிய சுசுகியின் வழியில் வந்தது. அதில் மில்லிமீட்டர் கணக்கு.

அங்குலக் கணக்கில் ஒரு பிரேக் நட்டு 3/8 அங்குலம். அதாவது 9.5 மில்லிமீட்டர். மில்லிமீட்டர் கணக்கில் அதற்கு இணையானது 10. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை! மரைகளின் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றுதான். கண்ணால் பார்த்தால் தெரியாது.

பட்டறையில் இப்படி நடப்பதாக நினைத்துப் பாருங்கள். மாணவன் அங்குல நட்டை எடுத்து, மில்லிமீட்டர் துளையில் திருகுகிறான். சுலபமாக உள்ளே போகிறது.

"அண்ணே, கச்சிதமாக ஏறிவிட்டது!"

"இறுக்குவதற்கு முன்னால் ஆட்டிப் பார், தம்பி."

ஆட்டிப் பார்க்கிறான். நட்டு லொடலொட என்று ஆடுகிறது.

"சரியான நட்டு இவ்வளவு ஆடாது, தம்பி. இதை இறுக்கினால் பிடிப்பது போலத்தான் இருக்கும். ஓங்கி ஒரு மிதி மிதித்தால் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும்."

துளைக்குள் போகவே போகாத நட்டினால் ஆபத்தில்லை. அது அப்போதே தன் தவறைச் சொல்லிவிடும். ஏறக்குறைய பொருந்தும் நட்டுதான் கழுத்தை அறுக்கும்! பட்டறையில் பிடித்து, சாலையில் கைவிடும்.

புனல் முனைக்குக் குமிழ் இருக்கையும் ஆகாது. பந்தயக் கார் இணைப்புகளில் புனலின் சரிவு 37 டிகிரி. சாதாரண இணைப்புகளில் 45 டிகிரி. 8 டிகிரிதானே என்று மாற்றிப் போட்டால், ஒழுகுவது நிச்சயம்.

அனுபவசாலிகளின் முறை

மரையையும் முனையையும் அளவுக் கருவி வைத்துப் பார்த்த பிறகே அவர்கள் நட்டை எடுப்பார்கள். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுவார்கள். ஸ்பேனர் கடைசியில்தான் வரும். ஒழுகினால், பலங்கொண்ட மட்டும் இறுக்கமாட்டார்கள். கழற்றி, முனையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெடித்த முனையை வெட்டிவிட்டு, புதிதாக விரிப்பார்கள்.

ரப்பர் ஹோஸ் சக்கரத்தோடு சேரும் இடத்தில், பல கார்களில் நடுவே துளையுள்ள போல்ட் இருக்கும். அதன் இரு பக்கமும் செம்பு வாஷர் போடுவார்கள். செம்பு மெத்தென்று நசுங்கி இடுக்கை அடைக்கும். ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக நசுங்காது. ஆகவே கழற்றும்போதெல்லாம் புது வாஷர் போடவேண்டும். சில ரூபாய்க்குக் கஞ்சத்தனம் கூடாது.

எல்லாம் முடிந்தபின் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுவார்கள். ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருப்பார். மற்றவர் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பார்ப்பார். தாளில் ஈரம் பட்டால் வேலை முடியவில்லை என்று பொருள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினாலும் அப்படியே.

மாணவர் போட்டியின் விதியும் கண்டிப்பானது. பிரேக் எண்ணெய் இரண்டு தனித்தனி வழிகளில் ஓடவேண்டும். ஒன்று பழுதானாலும் இரண்டு சக்கரமாவது நிற்கவேண்டும். ஓட்டிக்கொண்டு வந்து மிதித்தால் நான்கு சக்கரமும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத கார், எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், பந்தயத்தில் ஓட முடியாது.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

சாலையில் ஓடும் காரை இஷ்டப்படி மாற்றிக் கட்டுவதற்கு 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் பழைய காருக்குப் பிரேக் ரிப்பேர் எல்லா வீட்டிலும் வரும்.

பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகிறதா? சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா? பிரேக் எண்ணெய் திடீரென்று குறைகிறதா? அந்தக் காரை ஓட்டாதீர்கள். "பக்கத்துத் தெருவரைக்கும்தானே" என்று கிளம்பாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

அவர் வேலை செய்யும்போது அருகில் நில்லுங்கள். அந்தக் காருக்கு உரிய நட்டுதானா, வாஷர் புதிதா என்று கேளுங்கள். வெள்ளை டேப்பை எடுத்தால் தடுத்துவிடுங்கள். நல்ல மெக்கானிக் இதற்காகக் கோபித்துக்கொள்ளமாட்டார். வண்டியில் ஏறப்போவது உங்கள் பிள்ளைகள் அல்லவா?